ஜல்லிக்கட்டுக்கு அடுத்த மாதம்: தட்டம்மை ஊசியை மறுத்த பெற்றோர்

2017 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நாளில்தான் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் உட்கார்ந்திருந்தவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. அதிலிருந்து சரியாக இரண்டு வாரத்தில், பிப்ரவரி 6 அன்று, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ருபெல்லா என்ற இரண்டு நோய்களுக்குமான தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை, முன்பே ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எல்லாருக்கும் ஒரு தவணை. மாநிலத்தின் இலக்கு ஏறக்குறைய 1.76 கோடி பிள்ளைகள். கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவையும் அந்த முதல் கட்டத்தில் இருந்தன.

பிப்ரவரி முடிவதற்குள் இலக்கு எட்டவில்லை. முகாமை மார்ச் நடுப்பகுதி வரை நீட்டித்தார்கள். ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் இருந்தன. பள்ளி வாசலில் வந்து நின்று, "என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு எப்படிப் போடுவீர்கள்?" என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்ட பெற்றோர் இருந்தார்கள். தடுப்பூசி விஷயத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் இது நடந்தது.

வழக்கமாக இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: வாட்ஸ்ஆப் வதந்தி, படிக்காத மக்கள் நம்பிவிட்டார்கள். இந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. நான் இருந்த குழுக்களில் ஊசிக்கு எதிரான செய்திகளைப் பகிர்ந்தவர்களில் பொறியாளர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் இருந்தார்கள். பலர் ஜனவரியில் மதுரைத் தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்கள். சாப்பாடு எங்கே வேண்டும், தண்ணீர் எங்கே வேண்டும் என்று அவ்வளவு ஒழுங்காகச் செய்தி பரப்பிய அதே கைகள்தான் இதையும் பரப்பின. ஜனவரியில் அவர்களை இயக்கியது எதுவோ, அதுவேதான் பிப்ரவரியிலும் இயக்கியது என்பது என் வாதம்.

அந்த நேரத்துச் சூழல்

ஜியோ 2016 செப்டம்பரில் வந்தது. இலவச டேட்டா முதலில் டிசம்பர் கடைசி வரை என்றார்கள், அப்புறம் 2017 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். அதாவது ஜல்லிக்கட்டுப் போராட்டமும் தடுப்பூசி முகாமும் அந்த இலவசக் காலத்துக்குள்ளேயே வருகின்றன. காசைப் பற்றிய கவலை இல்லாமல் வீடியோவும் குரல்பதிவும் அனுப்ப முடிந்த முதல் தலைமுறை அம்மாக்களும் அப்பாக்களும் இவர்கள். இன்று எல்லாருக்கும் தெரிந்த 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறி அப்போது கிடையாது. அது 2018 ஜூலையில்தான் வந்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் இந்தியாவில் அந்த மாதம்தான் வந்தது. 2017-இல் உங்கள் சித்தி அனுப்பிய செய்தி, சித்தியே எழுதிய செய்தி மாதிரித்தான் கைபேசியில் தெரிந்தது.

நம்பிக்கையின் நிலை இன்னும் மோசம். நவம்பரில் பணமதிப்பிழப்பு. டிசம்பர் 5 அன்று, 75 நாள் மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதா இறந்தார். உள்ளே என்ன நடந்தது என்ற கேள்வி தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் அமைதியாக நடந்த போராட்டம் கடைசி நாளில் தடியடியிலும் தீவைப்பிலும் முடிந்தது. முகாம் தொடங்கிய மறுநாள் இரவு, ராஜினாமா செய்திருந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், 14ஆம் தேதி சசிகலாவுக்கு எதிரான உச்சநீதிமன்றத் தீர்ப்பு, 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு, 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. தொலைக்காட்சிகள் இரண்டு வாரம் வேறெதையும் காட்டவில்லை. யார் அரசு என்பதே தெரியாத நாள்களில் 'அரசு தரும் ஊசி பாதுகாப்பானது' என்று சொன்னால் அந்த வாக்கியத்துக்கு என்ன எடை இருக்கும்? ஊசியைப் பற்றிப் பேச பொதுவெளியில் மிச்சமிருந்த இடம் குடும்பக் குழுவும் தெருக் குழுவும் பள்ளிப் பெற்றோர் குழுவும்தான்.

என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்

சுற்றிய செய்திகள் நான்கைந்து வகைக்குள் அடங்கும். இது வெளிநாட்டு ஊசி, அங்கே தடைசெய்யப்பட்டது. இதைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இருக்காது. தென்மாநிலக் குழந்தைகளை வைத்துச் சோதிக்கிறார்கள், இல்லாவிட்டால் ஏன் வடக்கில் போடவில்லை? போட்ட பிள்ளைகள் மருந்தால் மயங்கி விழுகிறார்கள். அம்மை வந்தால் நம் முன்னோர் வேப்பிலையிலேயே பார்த்துக்கொள்ளவில்லையா?

ஒன்றுகூட உண்மை இல்லை. ஊசி மருந்து புனேயில் தயாரானது. அதனோடு பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியார் மருத்துவமனைகளில் நடுத்தர வர்க்கப் பெற்றோர் காசு கொடுத்துப் பல ஆண்டுகளாகப் போட்டு வந்தார்கள். ஐந்து இடங்களில் தொடங்கியது முதல் கட்டம் என்பதால்தான். அடுத்தடுத்த கட்டங்களில் மற்ற மாநிலங்களுக்கும் போய் 30 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஊசியைக் கண்டு பயந்து, காலையில் சாப்பிடாமல் வந்து, வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளை மயங்குவது எந்தப் பள்ளி முகாமிலும் நடப்பதுதான்.

ஆனால் பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். அந்தக் குரல்பதிவுகளைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். பேசுகிறவர் பெயர் சொல்வதில்லை, ஆனால் உறவு சொல்வார்: நானும் ஒரு தாய், நானும் ஒரு ஆசிரியை. குரலில் பதற்றம் இருக்கும். பின்னணியில் மிக்சி ஓடும், குழந்தை அழும். எங்கிருந்து தெரிந்தது என்பதற்கு ஆதாரம் தருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடமை தருவார்: உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். கேட்கிறவர் மனத்தில் அப்போது எழுவது 'இது உண்மையா?' என்ற கேள்வி இல்லை. 'உண்மையாக இருந்து, நான் சொல்லாமல் விட்டு, யார் பிள்ளைக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற கேள்வி. பகிர்வது அங்கே அறிவின் செயல் கிடையாது, அக்கறையின் செயல்.

ஒவ்வொரு பொய்யும் ஒரு நல்ல விழுமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. பிள்ளைப் பாசம், வம்சம் தழைக்க வேண்டும் என்ற ஆசை, நாட்டு விதை, நாட்டு மாடு என்று ஜனவரியில் புதிதாகச் சுடர்விட்ட மரபுப் பற்று, பன்னாட்டு நிறுவனங்கள் மேல் சந்தேகம், டெல்லி நம்மைக் கிள்ளுக்கீரையாக நினைக்கிறது என்ற கோபம். மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்த காலம் அது. பிப்ரவரி நடுவில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தார்கள். அந்தக் கோபங்களில் பெரும்பகுதி நியாயமானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அந்த நியாயமான கோபத்தின் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோய் வைத்தபோது அதுவும் இன்னொரு கோக் பாட்டிலாகத் தெரிந்துவிட்டது.

பழைய காயம்

சந்தேகத்துக்கு வாட்ஸ்ஆப்பைவிட வயது அதிகம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு கிராமத்துக்குள் போட்டுவந்த ஊசிகளை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பழங்குடி, ஏழைச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது வெளியே வந்தது. சிறுமிகள் சிலர் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒப்புதல் வாங்கிய முறையைக் கடுமையாகச் சாடியது. 'நம் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கிறார்கள்' என்ற வாக்கியம் வானத்திலிருந்து விழவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கும் இதோடு பொருந்துகிறது. 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 81. பத்தாண்டு கழித்து 2015–16-இல் அது 70. ஜியோ வருவதற்கு முன்பே, யாரும் ஃபார்வர்டு செய்யாமலே, பதினொரு புள்ளி இறங்கியிருந்தது. இந்த இறக்கத்துக்குத் திருவள்ளூர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பொதுசுகாதாரத் துறை 2017-இல் தரையில் விரிசல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

ஊசி எதற்காக வந்தது

ருபெல்லா சின்னப் பிள்ளைக்கு வந்தால் பெரிதாகத் தெரியாது. லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் தடிப்பு. கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் கொடுமை: பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், தன்னிடம் கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளின் தாய்மார்களிடம் பேசியபோதுதான் இந்தத் தொடர்பு உலகுக்குத் தெரிந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் எழுதியிருக்கிறார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து அந்த மருத்துவமனை அதிகத் தூரமில்லை. அங்கே கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளின் கதை முகாமின் முதல் நாளிலேயே தமிழில், அந்த மருத்துவர்களின் வாயால், வீடு வீடாகப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆற்றாமை உண்டு. வம்சம் தழைக்க வேண்டும் என்று ஊசியை மறுத்தவர்களுக்கு, இது பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் கண்ணைக் காப்பதற்கான ஊசி என்பது போய்ச் சேரவே இல்லை.

அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுற்றறிக்கை மொழி: முற்றிலும் பாதுகாப்பானது, வதந்திகளை நம்ப வேண்டாம், வதந்தி பரப்புவோர் மீது நடவடிக்கை. நடவடிக்கை என்ற சொல் சந்தேகப்படுகிறவரிடம் என்ன வேலை செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

விழுமியம் பற்றிய இரண்டு ஆய்வுகள்

அதே 2017 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், அவ்னிகா அமினும் சாத் ஓமரும் அவர்களில் உண்டு, ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தடுப்பூசிக்குத் தயங்கும் அமெரிக்கப் பெற்றோர் எந்த அறவிழுமியங்களுக்கு அதிக எடை கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஊசியை ஆதரிக்கும் பிரசாரங்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பேசும்: தீங்கிலிருந்து காப்பது, எல்லாருக்கும் நியாயமாக இருப்பது. இந்த இரண்டிலும் தயங்குகிறவருக்கும் தயங்காதவருக்கும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்தது தூய்மையிலும் சுதந்திரத்திலும். உடம்புக்குள் அந்நியப் பொருள் போகக்கூடாது என்பது ஒன்று, என் பிள்ளையின் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் நான் என்பது மற்றொன்று. அதிகம் தயங்கியவர்கள் அதிகாரத்துக்குப் பணிவதை மற்றவர்களைவிடக் குறைவாகவே மதித்தார்கள்.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் நம் சுற்றறிக்கையின் வாசகங்களையும் அந்தக் குரல்பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அதே கோடு தெரிகிறது. துறை நோயைப் பற்றியே பேசியது. பெற்றோர் கலப்படத்தையும் கேட்காமல் செய்வதையும் பற்றிப் பேசினார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை.

இரண்டாவது, யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2010-இல் வெளியிட்டது. எச்.பி.வி. தடுப்பூசி பற்றிய ஆதரவு வாதத்தையும் எதிர்ப்பு வாதத்தையும், வெவ்வேறு விழுமியம் உள்ளவர்களாகத் தோன்றும் கற்பனை நிபுணர்களின் பெயரில் மக்களிடம் காட்டினார்கள். வாதம் அதேதான். தன்னைப் போன்ற ஒருவர் சொல்கிறார் என்று தோன்றியபோது மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வேறு மாதிரி ஆள் சொன்னபோது விலகினார்கள். யார் சொல்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் என்ன சொல்கிறார் என்பது காதில் விழுகிறது.

தமிழ்நாட்டு முகாம் பற்றியே ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. சமூக உறவுகளும் மருத்துவத் தகவல் மேல் உள்ள நம்பிக்கையும் ஊசியை ஏற்பதை எப்படித் தீர்மானித்தன என்பதே அதன் கேள்வி. சமூக ஊடகச் செய்திகளின் தாக்கம் மறுப்போடு சேர்ந்தே இருந்தது என்று அது காட்டியது.

பள்ளி வராண்டாவில்

இந்த ஊசி மருந்து தூளாக வரும். ஒரு குப்பியில் பத்துத் தவணை. கரைப்பானோடு கலந்தபின் நான்கு மணி நேரம்தான், மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியை உடைத்தால் அடுத்தடுத்துப் பத்துப் பிள்ளைகள் வேண்டும். ஐஸ் பெட்டி, தானாகப் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல், வலது மேற்கையில் தோலுக்கடியில் அரை மில்லி, விரலில் மை, அரைமணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பு. இத்தனையையும் ஒரு செவிலியர் குழு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். வேகத்துக்காகத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேகத்தில் அடிபட்டது பெற்றோரிடம் பேசும் நேரம். பல இடங்களில் பிள்ளையின் டைரியில் ஒரு வரி, அவ்வளவுதான்.

என் அத்தை மகள் மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். ஜனவரியில் கைக்குழந்தையோடு தமுக்கம் போய்வந்தவள். பிப்ரவரியில் பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் ஆதாரத்தோடு நீளமாக அனுப்பிய செய்திகளை இரண்டு நீல டிக்கோடு விட்டுவிட்டாள். மார்ச்சில் அவளுடைய இரண்டு பிரசவத்தையும் கவனித்த கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சொல்லும்மா, எதுக்குப் பயப்படுற?" என்று மட்டும் கேட்டாராம். இவள் கொட்டித் தீர்த்தாள். "அக்கா, பள்ளிக்கூடத்துல யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்பதுதான் அதில் முதல் குறை. செவிலியர் தன் மகளுக்கு அதே வாரம் போட்டதைச் சொன்னார், குப்பியைக் காட்டினார், புனே முகவரியைப் படித்துக் காட்டினார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டாயிற்று. அவளுடைய ஓரகத்தி கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்த வீட்டுக்கும் செவிலியர் போனார், திரும்பி வந்தார்.

இந்த ஒரு வீட்டை வைத்து ஒரு மாநிலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கேட்டது யார், எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டார் என்பது என் நீளமான செய்திகளைவிட வலுவாக இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு

அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் முகாம் தொடங்கியபோது மலப்புரத்தில் இதே எதிர்ப்பு, இன்னும் கடுமையாக, மத உணர்வோடு கலந்து வந்தது. டெல்லியில் 2019 ஜனவரியில் பள்ளி முகாம் தொடங்கும் முன்பே பெற்றோர் உயர்நீதிமன்றம் போனார்கள். மறுப்புச் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, பெற்றோரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2017-இல் நம் பள்ளி வாசல்களில் கத்தியவர்கள் கேட்டதில் ஒரு பகுதி இதுதான். அவர்களின் மருத்துவம் தவறு. ஆனால் உரிமைக் கேள்வி தவறில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று யாரும் முன்வராததுதான் எனக்குப் பெரிய தோல்வியாகப் படுகிறது.

இன்னும் கொடிய முகம் 2018 மே மாதம் தெரிந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்ஆப் செய்திகள் வடமாவட்டங்களில் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஊர் சேர்ந்து அடித்துக் கொன்றது. அங்கேயும் இயக்கியது பிள்ளைப் பாசம்தான். குறியும் கட்டுப்பாடும் கொண்டுவர வாட்ஸ்ஆப்பை நெருக்கியது இது மாதிரிக் கொலைகளே. ஃபார்வர்டு எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் விழுமியத்தோடு பேசும் வேலையை ஒரு செயலியால் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் தடுப்பூசி நிலை பிறகு மீண்டது. 2019–21 குடும்பநல ஆய்வில் ஏறக்குறைய 90-ஐத் தொட்டது. அடுத்த ஊசியின் பேச்சும் வந்துவிட்டது. 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, வரவேற்க வேண்டியது. ஆனால் வயதுக்கு வந்த பெண் பிள்ளை, அவளுடைய கற்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று 2017-ஐவிடப் பல மடங்கு மென்மையான இடத்தைத் தொடும் ஊசி அது. கம்மத்தின் பெயரோடு வரும் ஊசியும் அதுதான். பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போவதற்கு மூன்று மாதம் முன்பே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அம்மாக்களை உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்த செவிலியரை வைத்துப் பேச வைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே 'உங்கள் சந்தேகம் என்ன?' என்று நாலு வரி இடம் விட்டு இருக்க வேண்டும். அந்த நாலு வரியில் எழுதுகிறவர்களின் வீட்டுக்குத்தான் செவிலியர் முதலில் போக வேண்டும்.